கோல்மன் வாங்கிய கரை

பினாவை எங்கள் ஐரிஷ் கடற்கரைக் கிராமமான ராஸ்வாராவில் யாரும் குடும்பப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பீட்டர் மகள் பினா. பீட்டர் யார் என்றால் மார்ட்டின் மகன். மார்ட்டின் கோல்மனுடைய மகன். அதோடு நிறுத்திக்கொள்ளலாம், கோல்மன் யார் என்று எங்கள் பக்கத்தில் எவரும் கேட்க மாட்டார்கள். எங்கள் கோயில் பங்கில் பாதிப் பேருக்கு ஒரே குடும்பப் பெயர். தகப்பனையும் பாட்டனையும் சேர்த்துச் சொன்னால்தான் தபால்காரனுக்கே வீடு பிடிபடும். என் அம்மாவின் பெரியப்பா மகளைத்தான் மார்ட்டின் கட்டினார். அந்த வழியில் பீட்டர் எனக்கு அண்ணன், பினா எனக்கு மகள் முறை.

கோல்மன் கதை இதுதான். கேப்டன் ஹேசல்டின் என்ற ஆங்கிலேயருக்கு இந்த விரிகுடாவும் சுற்றியுள்ள மலையும் சொந்தமாயிருந்த காலம். வாடகை கட்டாத குடும்பங்களை வெளியேற்ற அவருடைய ஏஜெண்டு ஆட்களோடு வந்தபோது, கோல்மன் சந்துக் கேட்டை மூடி அதில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். அவரைப் பெயர்த்தெடுக்க ஆறு போலீஸ்காரர்கள் வேண்டியிருந்தது. கால்வே ஜெயிலில் இரண்டு மாதம் இருந்தார். கல்லறைத் தோட்ட வாசலில் அவர் பெயர் வெட்டிய கல் நிற்கிறது. ஆகஸ்டு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்கு மலர்வளையம் வைப்பது வழக்கம். ரொம்ப காலம் வைத்துவந்தவன் பினாவின் தம்பி ஃபெஸ்டி.

பினா பிறந்தது ஐம்பத்து நாலில். பதினாலு வயசு வரைக்கும் பள்ளிக்கூடம். பதினெட்டில் இங்கிலாந்துக்குக் கப்பலேறி, கோவென்ட்ரியில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் பதினோரு வருஷம் துணி மடித்தாள். நடுவில் ஐரிஷ் போராளிகள் அங்கே குண்டு வைத்த வருஷமும் வந்தது. பஸ்ஸில் வாயைத் திறந்து டிக்கெட் கேட்டாலே, பேச்சை வைத்து எந்த ஊர் என்று கண்டுகொண்டு நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் சில்லறையைச் சரியாக எடுத்து நீட்டிவிட்டுப் பேசாமல் உட்காரப் பழகினாள். அந்தப் பழக்கம் ஊருக்குத் திரும்பிய பிறகும் முழுசாகப் போகவில்லை.

திரும்பியதற்குக் காரணம் பீட்டரின் இடுப்பெலும்பு. கடற்பாசி அறுக்கப் போன இடத்தில் பாறையில் சறுக்கி விழுந்து, அதன்பின் அவரால் கரையில் இறங்க முடியவில்லை. ஃபெஸ்டி அப்போதே கால்வேயில் வீடு நிலம் விற்றுக் கொடுக்கும் ஆபீசில் சேர்ந்துவிட்டான். அவன் அரிவாளைத் தொட்டு நான் பார்த்ததில்லை. பினா தகப்பனின் ரப்பர் பூட்ஸுக்குள் இரண்டு ஜோடி காலுறை போட்டுக்கொண்டு இறங்கினாள்.

அவர்கள் கரை கறுப்புப் பாறையிலிருந்து ஓடை வாய் வரைக்கும். இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் இப்படி ஒரு துண்டுக் கரை உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் நன்றாக உள்வாங்கும் நாட்களில்தான் வேலை. மஞ்சள் பாசியை வேரோடு பிடுங்கக் கூடாது, ஒரு சாண் விட்டு அறுக்க வேண்டும். தண்ணீர் ஓரத்தில் தொடங்கி மேலே நாலு வரிசை, வருஷத்துக்கு ஒரு வரிசை. நாலாவது வருஷம் முடிந்து திரும்பி வரும்போது முதல் வரிசை வளர்ந்து நிற்கும். அறுத்ததைக் குவித்துக் கயிறு சுற்றிக் கட்டிவைத்தால், ஏறி வரும் கடல் அதைத் தூக்கி மிதக்க விடும். அப்புறம் கம்பால் தள்ளியோ படகில் கட்டி இழுத்தோ துறைக்குக் கொண்டுபோக வேண்டும். லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். உரத்துக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் போகிறது என்பார்கள். பெண்பிள்ளை ஒருத்திக்கு இது ஆகுமா என்று கேட்டவர்கள் இரண்டு கோடைக்குப் பிறகு கேட்கவில்லை. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டு வந்தவன் ஒருவன் உண்டு, அவனுக்கு பாஸ்டன் போக ஆசை. அவளுக்கு இன்னொரு முறை கப்பலேற விருப்பமில்லை.

இப்படி முப்பது வருஷத்துக்கு மேல் போனது. பிறகு வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வந்தது.

விரிகுடா முழுவதிலும் மெஷின் படகு வைத்துப் பாசி அறுக்க அது அரசாங்கத்திடம் உரிமம் கேட்டிருந்தது. அதை விளக்க டப்ளினிலிருந்து ஓர் அதிகாரி வந்து பங்கு மண்டபத்தில் பேசினார். நாற்பது வயசு இருக்கும், மரியாதையான மனிதர். பள்ளிக்கூடத்து ஐரிஷைத் திக்கித் திணறிப் பேசினார். கடல் ஏறும் கோட்டுக்கும் இறங்கும் கோட்டுக்கும் நடுவே உள்ள கரை அரசாங்கத்துக்குச் சொந்தம், முந்தைய ஆட்சியில் அது அரசருடையது, சுதந்திரம் வந்தபோது அப்படியே கைமாறி வந்தது என்றார்.

பினா கூட்டத்தில் வாய் திறந்தது அன்றைக்குத்தான்.

"ராஜா போயி நூறு வருஷம் ஆகப்போகுது. எங்க கரையை மட்டும் உங்க கையில குடுத்துட்டுப் போனாரா?"

மண்டபம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். சிரித்துவிட்டு, வீட்டுப் பத்திரத்தில் பாசி உரிமை எழுதப்பட்டிருந்தால் அந்தக் கரையைக் கம்பெனி தொடாது என்றும், பத்திரத்தில் இல்லாதவர்கள் வேறு சான்று இருந்தால் மார்ச் மாத விசாரணைக்குக் கொண்டுவரலாம் என்றும் சொன்னார். இரண்டும் இல்லாத கரை கம்பெனிக்குப் போகும்.

ராஸ்வாராவில் பத்திரத்தில் உரிமை இல்லாத வீடு ஒன்றுதான். அது பீட்டர் வீடு.

ஏன் இல்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை, பெருமையாகவே சொல்லிவந்த கதை. நான் வாலிபனாயிருந்தபோது பத்திரங்களைப் புதிதாகப் பதிவு செய்தார்கள். கரை உரிமை வேண்டுகிறவர்கள் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதன் தலைப்பில், 'ஹேசல்டின் பண்ணையால் வழங்கப்பட்ட உரிமை' என்று அச்சடித்திருந்தது. எல்லாரும் போட்டார்கள். பீட்டர் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்தப் பெயருக்குக் கீழே என் பெயர் வராது, கரையை எனக்குக் கொடுக்க அவன் யார் என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தார். கோல்மன் பேரன் என்றால் இப்படித்தான் இருப்பான் என்று அன்று ஊரே மெச்சியது. நானும் மெச்சியவன்தான். அந்த ஒரு கையெழுத்து இல்லாததால் அறுபது வருஷம் கழித்து அவர் மகள் கரையில்லாமல் நிற்கப்போகிறாள் என்று அப்போது யாருக்குத் தோன்றும்.

பினாவுக்கு அறுபத்தைந்து நெருங்கிக்கொண்டிருந்தது. கரை போனால் வேறு வேலை தெரியாது. அதைவிட, அந்த நாலு வரிசையும் அவள் கைப்பட அறுத்து வளர்த்தவை. மெஷின் அவற்றை ஒரே நாளில் வழித்துக்கொண்டு போய்விடும். யாரிடமும் சொல்லாமல் கால்வேக்கு பஸ் ஏறினாள். பல்கலைக்கழக நூலகத்தில் ஹேசல்டின் பண்ணையின் பழைய காகிதங்கள் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. அங்கே வேலை பார்த்த டெர்வ்லா என்ற பெண்ணிடம், கோல்மன் பெயரும் கறுப்புப் பாறையும் எங்கேயாவது சேர்ந்து வருகிறதா என்று தேடித்தரக் கேட்டுவிட்டு வந்தாள்.

ஜனவரியில் டெர்வ்லாவிடமிருந்து உறை வந்தது. ஏஜெண்டு தான் எழுதிய கடிதங்களுக்கெல்லாம் நகல் வைத்திருந்த புத்தகத்திலிருந்து ஒரு பக்கம். அவர் தன் முதலாளிக்கு எழுதியது இது: 'வேறு எவனும் எனக்கு ஒரு பிடி மாவு விற்காத பதினோரு வாரமும், மார்ட்டினின் தகப்பன் கோல்மன் என்பவன் தன் படகில் டவுனிலிருந்து மாவும் மண்ணெண்ணெயும் கொண்டுவந்து தந்தான். அதற்காகக் கறுப்புப் பாறை முதல் ஓடை வாய் வரை பாசி அறுக்கும் உரிமையை அவனுக்கும் அவன் வாரிசுகளுக்கும் வாடகையில்லாமல் கொடுத்திருக்கிறேன்.'

கடிதத்தின் தேதி, கோல்மன் ஜெயிலிலிருந்து வந்த மறு வருஷத்தது.

அந்தப் பதினோரு வாரம் எங்களுக்குத் தெரியாததல்ல. வாடகை நிறுத்தப் போராட்டம் நடந்த குளிர்காலம். ஏஜெண்டுக்கு யாரும் வேலை செய்யவில்லை, எதுவும் விற்கவில்லை, கோயிலில் அவர் பக்கத்தில்கூட உட்காரவில்லை. ஒரு வாரம் தள்ளியிருந்தால் அவர் ஊரை விட்டே போயிருப்பார் என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். போகவில்லை. எப்படித் தாக்குப்பிடித்தார் என்பது புரியாத புதிராகவே இருந்தது. வசந்தத்தில் ஒன்பது வீடுகளின் கூரையைப் பிடுங்கினார்கள். மலைச்சரிவில் அந்தச் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. அதில் ஒன்று எங்கள் ஊரில் மூத்தவரான பார்ட்லியின் முப்பாட்டன் வீடு. அந்த வீட்டுக் குழந்தைகளில் இரண்டு அந்த மாதத்திலேயே இறந்தன.

பினா கடிதத்தை ஒரு வாரம் மேசை இழுப்பறையில் வைத்திருந்தாள். பிறகு ஃபெஸ்டியைக் கூப்பிட்டுக் காட்டினாள். காட்டாமல் விசாரணைக்குப் போவது முறையல்ல என்று நினைத்தாளாம்.

ஃபெஸ்டி அப்போது மாவட்டக் கவுன்சிலர். மூன்று தேர்தல் ஜெயித்தவன். அவன் ஓட்டுக் கேட்கும் தாளில் அவன் முகத்துக்குப் பக்கத்தில் கோல்மன் கல் இருக்கும். அடுத்த தேர்தல் மே மாதம். அவள் டீ ஊற்றி, சோடா ரொட்டியை வெட்டி வைத்தாள். அவன் கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தான். ரொட்டியைத் தொடவில்லை. அதற்குப் பிறகு நடந்த பேச்சை இருவருமே என்னிடம் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். பெரிய வித்தியாசமில்லை.

"அக்கா, இதை வேற யார் பார்த்தாங்க?"

"டெர்வ்லா."

"அவ யாரோட மக?"

"கெர்ரிக்காரி. உனக்கு அவளைத் தெரியாது, அவளுக்கு உன்னைத் தெரியாது."

அவன் தாளை மடித்து மேசைமேல் வைத்தான். கேட்டை மூடியது பொய்யில்லை, ஜெயில் போனது பொய்யில்லை, ஒரு மனுஷன் பட்டினிக் காலத்தில் செய்த ஒரு காரியத்தை வைத்து அவனை எடைபோடக் கூடாது என்றான். அதெல்லாம் சரி என்றாள் பினா. அப்படியானால் எதற்காக இதைச் சந்தியில் கொண்டுபோய் வைக்கிறாய் என்று கேட்டான்.

"எனக்கு இருக்கிறது இந்த ஒரு தாளுதான்டா."

"நான் கம்பெனிகிட்ட பேசுறேன். உன்னை மேற்பார்வைக்கு வெச்சுக்குவாங்க. நின்ன இடத்துல நிக்கலாம், குனிய வேண்டாம்."

"என் கரையில எனக்கு வேலை போட்டுக் குடுக்கப் போறாங்களா?"

"அக்கா, பார்ட்லி மூஞ்சியில நீ எப்படி முழிப்ப?"

பினா அவன் கோப்பையில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினாள். அவன் இன்னொன்றும் கேட்டான். அப்பாவுக்கு இது தெரிந்திருக்குமா, தெரிந்துதான் கையெழுத்துப் போடாமல் வந்தாரா என்று. அவள் தெரியாது என்றாள். எனக்கும் தெரியாது. பீட்டரோடு நாற்பது வருஷம் பழகியிருக்கிறேன். போராட்டக் கதை வந்தால் அவர் எழுந்து போய் அடுப்பைக் கிளறுவார். அதை வைத்து என்ன சொல்ல முடியும், குளிராகவும் இருந்திருக்கலாம்.

மார்ச் விசாரணை அன்று மண்டபத்தில் அறுபது பேர் இருந்தோம். பத்திரம் உள்ளவர்கள் ஒவ்வொருவராகக் காட்டிப் பதிந்துகொண்டார்கள். பினாவின் முறை கடைசி. ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கடிதத்தை ஆங்கிலத்தில் இருந்தபடி படித்தாள். அதோடு விட்டிருக்கலாம். காகிதத்தைத் தாழ்த்திவிட்டு, கிழவர்களுக்கும் விளங்கும்படி அதையே எங்கள் ஐரிஷ் பேச்சில் வரிக்கு வரி திருப்பிச் சொன்னாள். மாவு, மண்ணெண்ணெய், பதினோரு வாரம், எதையும் விடவில்லை.

"அவரு ஏன் செஞ்சாருன்னு எனக்குத் தெரியாது. அப்போ அவரு வீட்டுல ஆறு புள்ளைங்க. மத்த வீட்டுலயும் ஆறு புள்ளைங்கதான் இருந்துச்சு. அவரு செஞ்சாரு, இந்தக் கரையை வாங்கினாரு. இப்போ அதை நான் அறுக்கிறேன்."

ஃபெஸ்டி பின்வரிசையில் இருந்தான். எழுந்து போய் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த சீட்டாட்டப் போட்டி விவரத்தைக் கொஞ்ச நேரம் படித்தான். பிறகு வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டான்.

அதிகாரி கடிதத்தை வாங்கிப் பார்த்தார். பண்ணை கொடுத்ததற்கு இது நல்ல சான்று என்றார். ஆனால் கொடுத்தது மட்டும் போதாது, அன்றிலிருந்து இன்றுவரை விடாமல் அனுபவித்து வந்ததும் தெரிய வேண்டும். அதைக் குடும்பத்தைச் சேராத இரண்டு பேர் இங்கே எழுந்து சொல்ல வேண்டும்.

யாரும் எழவில்லை. நான் உறவுக்காரன், சொன்னால் செல்லாது. பினா உட்காரவில்லை. யார் முகத்தையும் பார்க்கவும் இல்லை. கையிலிருந்த உறையை நாலாக மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள்.

பார்ட்லிக்கு அப்போது எண்பத்தெட்டு. எழ நேரமாயிற்று.

"நான் பார்த்திருக்கேன். இவளைப் பார்த்திருக்கேன், இவ அப்பனைப் பார்த்திருக்கேன், மார்ட்டினையும் பார்த்திருக்கேன். அந்தக் கரையை அவங்கதான் அறுத்தாங்க. மத்ததைப் பத்தி என்கிட்ட கேக்காதீங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதிகாரி எழுதிக்கொண்டு, இன்னொருவர் என்று நிமிர்ந்தார். நான் வாசல் பக்கம் பார்த்தேன், எல்லாரும் கிளம்பிவிடுவார்களோ என்று. அப்போதுதான் நேப்பி எழுந்தாள்.

நேப்பியும் பினாவும் பக்கத்துப் பக்கத்துக் கரைக்காரிகள். இருவரும் இருபது வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. எழுந்தது நேப்பி என்று கண்டதும் பினா உறையைப் பைக்குள் வைத்துவிட்டாள், இனி ஒன்றுமில்லை என்பதுபோல.

"நான் ஒரு புகார் சொல்லணும்," என்றாள் நேப்பி.

இது புகார் சொல்லும் இடமல்ல என்றார் அதிகாரி. நேப்பி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"எழுதிக்குங்க தம்பி. ஓடை வாய்க்கு அந்தப் பக்கம் என் கரை, பத்திரம் இப்பத்தான் காமிச்சேன். இவ இங்கிலாந்துலேருந்து வந்த நாள்லேருந்து வருஷா வருஷம் என் பக்கம் மூணு கஜம் உள்ள வந்து அறுக்கிறா. எந்த வரிசையை அறுத்தாலும் ஓரத்துல என்னுது மூணு கஜம் போகுது."

அதிகாரியின் பேனா நின்றது. "வருஷா வருஷமா? நடுவுல விட்டதே இல்லையா?"

"நெஞ்சுச் சளி பிடிச்ச வருஷம்கூட வந்தா. இருமிக்கிட்டே திருடினா."

"அதுக்கு முன்னால?"

"இவ அப்பன் நாலு கஜம். இவ கொஞ்சம் யோக்கியம்."

மண்டபத்தில் முதலில் ஒருவர் தும்மியதுபோல இருந்தது, பிறகு எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பார்ட்லி சிரிக்கவில்லை. பினா எழுந்த குரலை அடக்க முடியாமல், "அது என் பக்கம்டி, ஓடை இடம் மாறினது எனக்குத் தெரியாதா," என்றாள். இருபது வருஷத்தில் அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான். அதிகாரி இருவரையும் கையமர்த்தி உட்காரச் சொல்லிவிட்டு, நேப்பி சொன்னதை அவள் சொன்னபடியே எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கினார். நேப்பி கண்ணாடி போடாமல் பெரிதாகப் போட்டாள்.

வெளியே வந்ததும் பினா பார்ட்லியிடம் போய் நன்றி சொன்னாள். அவர் கோட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டே, "உனக்காகச் சொல்லலை. மெஷின் உன் கரைக்கு வந்தா என் கரைக்கும் வரும்," என்றார். அதுவரை பாசிக் குவியலைத் துறைக்கு இழுக்க அவர் வீட்டுப் படகைத்தான் அவள் வாங்குவாள். அதன்பின் அவள் கேட்கவில்லை, அவர்களும் கொடுக்கவில்லை. கம்பை வைத்துத் தானே தள்ளிக்கொண்டு போகிறாள். எதிர்க்காற்று இருந்தால் ஒரு குவியலுக்கு மூன்று மணி நேரம் ஆகும்.

மே மாதம் ஃபெஸ்டி தோற்றான். எண்ணிக்கை இரண்டாம் நாள் சாயங்காலம் வரை இழுத்து, தொகுதிக்கு உள்ள பல கவுன்சிலர் இடங்களில் கடைசி இடம் நாற்பத்து மூன்று ஓட்டில் கைவிட்டுப் போனது. அக்கா கவிழ்த்துவிட்டாள் என்று அவன் சொன்னான். கில்மோர் வளைவில் ரோட்டைப் போட்டுத் தராததுதான் காரணம் என்று அந்தப் பக்கத்துக்காரர்கள் சொன்னார்கள். இரண்டிலும் கொஞ்சம் இருக்கும். ஆகஸ்டில் அவனே வளையம் வைத்தான். பதினோரு பேர் வந்திருந்தோம். பேச்சு சின்னதாக இருந்தது. கேட்டைச் சொன்னான், ஜெயிலைச் சொன்னான். பிறகு மழை வருகிறது என்றான், வரவும் செய்தது. இப்போது வளையம் வைப்பதைப் பள்ளிக்கூடத்தார் எடுத்துக்கொண்டார்கள். ஒன்பது வீட்டுச் சுவர்கள் வரை நடந்து போய்விட்டு வருகிறார்கள்.

கிறிஸ்துமஸ் வரைக்கும் அவன் அக்கா வீட்டுப் பக்கம் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு மனைவியை அனுப்பினான். ஈஸ்டருக்கு அவனே வந்து, ரொட்டியைத் தின்றுவிட்டுப் போனான்.

டப்ளினிலிருந்து முடிவு வர அடுத்த அக்டோபர் ஆயிற்று. கறுப்புப் பாறையிலிருந்து பாசி அறுக்கும் உரிமை பினாவுக்கும் அவள் வாரிசுகளுக்கும் உண்டு, கையால் அறுக்க மட்டும். எங்கள் விரிகுடாவில் கம்பெனிக்குத் துண்டு துண்டாகக் கொஞ்சம்தான் மிஞ்சியது. மெஷின் படகு வேறு எங்கோ போய்விட்டது.

அதற்கு ஒரு மாதம் கழித்து, பத்திரத்தில் வரைபடம் சேர்க்க அளவுக்காரர் ஒருவர் முக்காலியும் கருவியுமாக வந்தார். எல்லையை விசாரணைக் காகிதத்தில் இருந்தபடிதான் போடுவேன் என்றார். அந்தக் காகிதத்தில் நேப்பி வாக்குமூலம் இருக்கிறது. ஓடைப் பக்கம் பினா அறுத்துவந்த இடத்துக்கு மூன்று கஜம் உள்ளே தள்ளி சிவப்பு பெயின்டில் பாறைமேல் கோடு போட்டார். வாக்குமூலத்தை வைத்துக் கரையை வாங்கிக்கொண்டு எல்லையை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்ல முடியாது என்பதை அவர் அவளுக்குப் பொறுமையாக விளக்கினார். பினா கேட்டுக்கொண்டு நின்றாள். நேப்பி தன் பக்கத்துப் பாறைமேல் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பெயின்ட் காயும் வரைக்கும் போகவில்லை.

அந்தக் கோட்டை பினா தாண்டுவதில்லை. மூன்று கஜமும் தன்னுடையதுதான் என்று மட்டும், கேட்கிறவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.